கோப்பைப் படி, பிறகு கடலைப் பார்

பைனாகுலரைத் தொடுவதற்கு முன்னால் கோப்பைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்துச் செயின்ட் ஆல்பன்ஸ் முனையில் இருக்கும் கண்காணிப்புக் கூண்டில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி இதுதான். தலைமையிலிருந்து வரும் திருத்தத் தாள்கள் அந்தக் கோப்பில் தேதிவாரியாகக் கோத்திருக்கும். கடைசியாக நாம் காவலிருந்த நாளுக்குப் பிறகு வந்த தாள்களை எல்லாம் படித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்பலாம். கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசையில் வந்த எனக்கு முதலில் கொடுக்கப்பட்டது காகிதம். அந்தக் காகிதமும் கடலைப் பார்க்கும் வேலையில் சேர்ந்தது என்று இந்தத் தொழிலைக் கற்றபோதுதான் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமைப்பின் பெயர் நேஷனல் கோஸ்ட்வாட்ச் இன்ஸ்டிடியூஷன். சுருக்கமாகக் கோஸ்ட்வாட்ச். இங்கிலாந்து, வேல்ஸ் கரையோரம் ஐம்பதுக்கு மேற்பட்ட நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். காவலிருப்பவர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. அரசு மானியத்தை நம்பாமல் நன்கொடையில் ஓடும் அறக்கட்டளை இது. வேலையைச் சொல்வதானால் ஒரே வரி: பகல் வெளிச்சம் இருக்கும்வரை கடலையும் கரையையும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பது, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அரசின் கோஸ்ட்கார்டுக்கு உடனே தகவல் கொடுப்பது. மீட்கப் போகிறவர்கள் வேறு. லைஃப்போட்டைச் செலுத்துகிறவர்கள் ஆர்.என்.எல்.ஐ. என்ற இன்னொரு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள். அது 1824இல் தொடங்கியது. அவர்களை எழுப்பி அனுப்புவது கோஸ்ட்கார்டு. நாங்கள் அதற்கும் ஒரு படி முன்னால் இருக்கிறோம். எங்கள் கண்ணில் பட்டால்தான் மற்றது எல்லாம் தொடங்கும் என்ற நேரங்கள் உண்டு.

இந்த அமைப்பே ஒரு நிர்வாக மாற்றத்தின் விளைவாகப் பிறந்தது. முன்பு இந்தக் கரை நெடுக கோஸ்ட்கார்டின் கண்காணிப்புக் கூண்டுகள் இருந்தன. ரேடியோவும் செயற்கைக்கோளும் வந்தபின், ஆபத்தில் இருப்பவர் தானே கூப்பிடுவார், ஆளை உட்கார வைத்துக் கடலைப் பார்க்கத் தேவையில்லை என்று முடிவெடுத்து அவற்றை ஒவ்வொன்றாக மூடினார்கள். 1994இல் கார்ன்வாலில் லிசார்ட் பகுதியில், அப்படிச் சமீபத்தில் மூடப்பட்டிருந்த பாஸ் முனைக் கூண்டுக்குக் கீழே, அதன் பார்வைக்கு எட்டும் தூரத்திலேயே இரண்டு மீனவர்கள் இறந்துபோனார்கள். கூண்டு இருந்தது, ஜன்னல் இருந்தது, உள்ளே ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அதே கூண்டைத் திறந்து அந்த ஆண்டு டிசம்பரிலேயே காவலைத் தொடங்கினார்கள். அதுதான் கோஸ்ட்வாட்சின் முதல் நிலையம்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த வயதில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு பழகச் சில மாதம் பிடித்தது. இங்கே டீச்சர் என்றே எழுதுகிறேன். பாஸ் முனைக் கதையை அவர் முதல் நாளே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “அன்றைக்கு ஒரு தாளில் யாரோ கையெழுத்துப் போட்டுத்தான் அந்தக் கூண்டை மூடினார்கள். அதனால் தாள்களைப் படியுங்கள். படித்ததும் கேள்வி கேளுங்கள்” என்றார்.

கூண்டு நிற்பது செங்குத்தான குன்றின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 அடி உயரத்தில். பக்கத்தில் நார்மன் காலத்துச் சின்னக் கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இங்கே, வொர்த் மேட்ராவர்ஸ் ஊரை ஒட்டி, ரேடார் ஆராய்ச்சி நடந்ததற்கு ஒரு நினைவுச் சின்னமும் நிற்கிறது. தெளிந்த நாளில் மேற்கே போர்ட்லாந்து வரை பார்வை போகும். அவ்வளவு உயரத்திலிருந்து தொடுவானம் இருபது கடல் மைலுக்கு அப்பால். ஆனால் அவ்வளவு தூரமும் எங்கள் வேலை இல்லை. பெரிய கப்பல்களைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது விதி; அவை திரையில் பெயரோடு நகர்ந்துகொண்டிருக்கும். சின்னப் படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கயாக், பேடில்போர்டு, காற்றடைத்த ரப்பர் மிதவை, தூண்டில் போடப்போன சின்ன ஃபைபர் படகு ஆகியவை எந்தத் திரையிலும் வராமல் போகலாம். பிளாஸ்டிக் கயாக்கும் அதில் உட்கார்ந்திருக்கும் ஆளும் ரேடாரில் சரியாகத் தெரியவும் மாட்டார்கள். கண்தான் ஒரே கருவி.

கண்ணை எப்படி வைத்துக்கொள்வது என்பது ஒரு பாடம். கடலை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே இருப்பதைத் துண்டு துண்டாக மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டையும் கரையோரத்திலிருந்து தொடுவானம் வரை மெல்ல ஏறிப் போய், பக்கத்துத் துண்டில் தொடுவானத்திலிருந்து கரைக்கு இறங்கி வர வேண்டும். வெறுங்கண்ணால் ஒரு சுற்று, பிறகு பைனாகுலரோடு ஒரு சுற்று. பைனாகுலர் பெரிதாகக் காட்டும், ஆனால் கொஞ்சம் இடத்தைத்தான் காட்டும். அதையே பிடித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் நடப்பது கண்ணுக்குத் தப்பிவிடும். கயாக்கைத் தேடுகிறவர் கயாக்கைத் தேடக் கூடாது. துடுப்பின் ஈரத் தகடு வெயிலில் பளிச்சிடுவதைத் தேட வேண்டும். மினுக்கு ஒரே சீராக வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். சீர் கெட்டால், அல்லது நின்றுபோனால், பைனாகுலரை எடுக்க வேண்டும்.

இந்த முனைக்கே உரிய ஒரு பாடமும் உண்டு. முனையிலிருந்து தென்மேற்காகக் கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு ஓடுகிறது. ஆங்கிலக் கால்வாயின் நீரோட்டம் ஏற்றத்தில் கிழக்கேயும் வற்றத்தில் மேற்கேயும் அந்தத் திட்டின்மேல் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரும் ஓத நாட்களில் வேகம் மணிக்கு நான்கு கடல் மைலைத் தாண்டும். அந்த இடத்தில் கடல் கொதிக்கும். அதைத்தான் இங்கே ‘ரேஸ்’ என்கிறார்கள். காற்று ஓட்டத்தோடு சேர்ந்து வீசினால் பரவாயில்லை. எதிர்த்து வீசினால் அலை குறுகிக் குத்தாக எழும்பி, எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தெரியாமல் அடிக்கும். சுற்றிலும் கடல் அமைதியாகக் கிடக்க, நடுவில் மட்டும் வெள்ளையாகப் பொங்கும் அந்தப் பட்டையை மேலிருந்து பார்க்கலாம். படகில் வருகிறவருக்குப் பக்கத்தில் வரும்வரை அது முழுசாகத் தெரியாது. அதனால் இங்கே காவல் ஏறும் எவரும் ஓத அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் எப்போது திரும்பும், அந்த நேரம் காற்று எந்தப் பக்கம் இருக்கும் என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்கிறார். மேற்கே லல்வொர்த்தில் ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சித் திடல் இருக்கிறது. சுடும் நாட்களில் பாய்மரப் படகுகள் கரையை விட்டுத் தெற்கே விலகிப் போகும். விலகிப் போகும் பாதையில்தான் ரேஸ் இருக்கிறது. சுடும் நேரங்கள் மாறினால் எங்களுக்கு அது வெறும் அறிவிப்பு இல்லை. எந்த மணிக்கு எந்தப் பக்கம் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்ற கணக்கே மாறும்.

இனி என் பயிற்சியில் என்னை அதிகம் மாற்றிய பாடத்துக்கு வருகிறேன்.

முன்பு இந்தக் கரைக்கான கோஸ்ட்கார்டு கட்டுப்பாட்டு மையம் வேமத் நகரில் இருந்தது. போர்ட்லாந்து கோஸ்ட்கார்டு என்பது அதன் பெயர். எங்கள் கூண்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பவர் இந்தப் பக்கத்தவர். “டான்சிங் லெட்ஜில் ஒருவர் விழுந்துவிட்டார்” என்றால் போதும், அவருக்கு அந்தப் பாறைத் தட்டும், அதற்கு இறங்கும் வழியும் கண்முன் வரும். 2010க்குப் பிறகு கோஸ்ட்கார்டு தன் அமைப்பை நாடு முழுவதும் மாற்றியது. பல மையங்களை மூடி, மிச்சமிருந்தவற்றை ஒரே வலைப்பின்னலாக இணைத்தார்கள். ஒன்றில் வேலை குவிந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும்; ஒன்று செயலிழந்தால் மற்றது தாங்கும். ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஃபேர்ஹாமில் தேசிய மையம் அமைந்தது. ஸ்காட்லாந்தில் ஃபோர்த், கிளைட் மையங்கள் 2012இல் மூடப்பட்டன. போர்ட்லாந்து மையம் 2014இல் மூடப்பட்டது. மூடும்போது ஊரெல்லாம் எதிர்ப்பு இருந்தது. உள்ளூர் அறிவு போய்விடும் என்பதுதான் எல்லோரும் சொன்ன குறை. குறை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். வலைப்பின்னலின் பலமும் உண்மையானதுதான்.

எங்களைப் பொறுத்தவரை அதன் பொருள் ஒன்றே: தொலைபேசியை எடுப்பவர் இந்தக் கரையைப் பார்த்திராதவராக இருக்கலாம். ஆகவே சொல்லும் முறை மாற வேண்டும். டீச்சர் இதைச் சொல்லிக்கொடுத்த விதம் எனக்கு என்றைக்கும் மறக்காது. நாற்காலியைத் திருப்பி, முதுகை ஜன்னலுக்குக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மடியில் ஒரு வெள்ளைத் தாள், கையில் பென்சில். கடல் வரைபடத்தை மூடிவைத்துவிடுவார். “நான் தொலைவில் ஏதோ ஒரு மையத்தில் இருக்கிறேன். சொல்லுங்கள்” என்பார். நான் ஜன்னலில் தெரியும் ஏதாவது ஒரு படகை எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டும். நான் சொல்வதை மட்டும் வைத்து அவர் வரைவார். பிறகு திரும்பி, தாளையும் கடலையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

“வெள்ளைப் படகு, அங்கே” என்றால் பென்சில் அசையாது. “எங்கே?” என்பார். முனைக்குத் தெற்கே என்றால், “எவ்வளவு தெற்கே?” பாய்மரப் படகு என்றால், “எத்தனை மரம்? பாய் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? முகப்பு எந்தப் பக்கம்? ஆள் தெரிகிறாரா?” அவர் கேள்வியே கேட்காமல் வரைந்து முடிக்கும்படி நான் சொல்லப் பழக வேண்டும். நாளடைவில் வரிசை கைவந்தது. முதலில் இடம்: கூண்டிலிருந்து திசைக்கோணம் 200 பாகை, தூரம் 2 கடல் மைல், வரைபடத்தில் குறித்தால் வடக்கு 50 பாகை 32.8 நிமிடம், மேற்கு 2 பாகை 04.5 நிமிடம். அடுத்து என்ன பொருள், என்ன நிறம், எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எந்தப் பக்கம் இழுபடுகிறது. கடைசியில் காற்றும் கடலும். அனுமானத்தைச் சொல்லக் கூடாது. பார்த்ததைச் சொல்ல வேண்டும். “மூழ்குகிறது” என்பது அனுமானமாக இருக்கலாம். “பின்பக்கம் நீர்மட்டத்தோடு சமமாகிவிட்டது, இரண்டு பேர் முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்” என்பது பார்த்தது. கேட்பவர் அதிலிருந்து தானே முடிவெடுப்பார்.

இடப்பெயரில் ஓர் ஆபத்து உண்டு. எங்கள் கூண்டுக்குக் கிழக்கே சீகோம் என்று ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. பாறையேறிகள் அங்கே நிறைய வருவார்கள். லிவர்பூலுக்கு எதிரே, மெர்சி ஆற்றங்கரையிலும் ஒரு சீகோம் இருக்கிறது. படகுத்துறை உள்ள ஊர். வேமத்தில் இருந்தவரிடம் சீகோம் என்றால் ஒரே சீகோம்தான். நாடு முழுவதையும் ஒரே திரையில் வைத்திருப்பவருக்கு இரண்டு. ஆகவே ஊர்ப்பெயரோடு மாவட்டப் பெயரைச் சேர், அட்சரேகை தீர்க்கரேகையைச் சேர், இரண்டையும் திரும்பச் சொல்லச் சொல்லிச் சரிபார். கோப்பில் இது ஒரு தாளில் சில வரியாக இருந்தது. சும்மா வாசித்தால் அலுவலகச் சுற்றறிக்கை. வேமத் மையம் மூடிய கதை தெரிந்து வாசித்தால், ஒரு கட்டிடத்தோடு போன அறிவை எங்கள் வாய்வழியாகத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி.

அந்த மையம் மூடி மூன்று ஆண்டு கழித்து இன்னொன்று நடந்தது. போர்ட்லாந்தில் நின்றிருந்த மீட்பு ஹெலிகாப்டர் 2017 ஜூன் இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதன்பிறகு இந்தக் கரைக்குப் பெரும்பாலும் லீ-ஆன்-சோலண்ட் தளத்திலிருந்துதான் வர வேண்டும். புதிய ஹெலிகாப்டர்களுக்கு வேகம் அதிகம், ஆகவே சமாளிக்கலாம் என்பது அரசுத் தரப்பு. அதைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, இங்கே அது தேவையில்லை. காவலிருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. உதவி வரும் தூரம் கூடினால், தகவல் கொடுக்கும் நேரம் முன்னால் வர வேண்டும். முன்பு ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று விட்டுவைத்த ஒன்றை இப்போது உடனே சொல்ல வேண்டும். டீச்சர் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார்: சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனை வந்துவிட்டதா, அப்படியென்றால் சொல்லும் நேரம் வந்துவிட்டது. “கரைக்குக் காற்று வீசும்போது மிதவையில் பிள்ளைகள் விளையாடினால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசினால் தொலைபேசியில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பேன்” என்பார்.

சில தாள்கள் ஒரு சாவைச் சுமந்து வருகின்றன. 2013 மே மாதம் கார்ன்வாலில் பேட்ஸ்டோ அருகே, கேமல் ஆற்று முகத்தில், வேகப் படகு ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்து ஆறு பேரும் தூக்கி எறியப்பட்டார்கள். படகு நிற்கவில்லை, ஆளில்லாமல் வட்டமடித்து அவர்கள்மேலேயே திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டுநரின் உடலோடு கட்டியிருக்க வேண்டிய நிறுத்துக் கயிறு கட்டப்படவில்லை என்று விசாரணை சொன்னது. மேலிருந்து பார்க்கிறவருக்கு வேகப் படகு வட்டமடிப்பது விளையாட்டாகத்தான் தெரியும். கோடையில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அந்த விபத்தைப் படித்த பிறகு, வட்டமடிக்கும் படகைப் பார்த்தால் முதலில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்றுதான் என் கண் போகிறது. பைனாகுலரைப் படகின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பின்னால் விட்டுவந்த நீரிலும் தலை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த துண்டுக்குப் போகிறேன்.

வி.எச்.எஃப். ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான அலைவரிசை 16. எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனாலேயே தங்கள் ரேடியோ வேலை செய்கிறதா என்று சோதிக்கிறவர்களும் அதில் கூப்பிட்டால், உண்மையான ஆபத்துக் குரல் அமுங்கிப்போகும். கோஸ்ட்வாட்சுக்கென்று 65ஆம் அலைவரிசை ஒதுக்கப்பட்டபோது அந்தச் சுமையில் ஒரு பகுதி எங்கள் பக்கம் வந்தது. படகுக்காரர்கள் இப்போது எங்களைக் கூப்பிட்டு ரேடியோவைச் சோதித்துக்கொள்ளலாம். முனையில் காற்று எப்படி, ரேஸ் எப்படி என்று கேட்கலாம். கேட்கிறார்கள். “ரேஸ் எப்படி இருக்கிறது?” என்று கேட்கும் குரலில் இருக்கும் நம்பிக்கை என்னைக் கவனமாகப் பேச வைக்கிறது. போகலாம், போகக் கூடாது என்று நாங்கள் சொல்லக் கூடாது. தெரிவதை அப்படியே சொல்வோம்: வெள்ளை அலை எங்கே தொடங்குகிறது, குன்றை ஒட்டிய உள்பக்கப் பாதை எப்படி இருக்கிறது, காற்று எத்தனை. முடிவு படகின் தலைவருடையது. அந்தக் கோட்டை மீறாமல் பேசுவது ஒரு தனிக் கலை. அதற்கும் ஒரு தாள் உண்டு, அந்தத் தாளும் காலத்துக்கேற்பத் திருத்தப்படுகிறது.

பொறுப்பு மாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காவல் மாறும்போது இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் ஒவ்வொன்றாக ஒப்படைப்பார். பதிவேட்டில் உள்ளதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, ஏறுகிறவர் அந்தந்தப் படகைக் கண்ணால் பார்த்து, ‘பார்த்துவிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். சாப்மன்ஸ் பூலில் நங்கூரமிட்டிருக்கும் பச்சைப் படகு, முனைக்குக் கீழே தூண்டில்காரர் இருவர், மேற்கே போன மூன்று கயாக். கடைசியாகத் திருத்தத் தாள் ஏதாவது வந்திருந்தால் அதையும் வாயால் சொல்வார்கள். எழுதிவைத்ததை ஏன் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். “எழுதினவருக்குத் தான் எழுதியது புரியும். சொல்லும்போதுதான் கேட்பவருக்கு எங்கே புரியவில்லை என்று முகத்தில் தெரியும்” என்றார் டீச்சர்.

மாற்றங்களை எல்லோரும் விரும்பி ஏற்பதில்லை. எந்தத் தன்னார்வ அமைப்பிலும் அது இயல்பு. சம்பளம் வாங்குகிறவர் முணுமுணுத்துக்கொண்டு செய்வார். வாங்காதவர் நாளைக்கு வராமலேயே இருந்துவிடலாம். வாழ்நாள் முழுக்கக் கப்பலில் இருந்தவருக்கு, ‘கப்பல் வருகிறது என்று இப்படித்தான் எழுத வேண்டும்’ என்று ஒரு தாள் சொன்னால் கசக்கத்தான் செய்யும். சின்னம் மாறியது, படிவத்தின் பெயர் மாறியது என்ற வகைத் தாள்களை நானும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 2018இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் படகுக்காரர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கண்ட நோட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தை இங்கே எல்லா அமைப்புகளும் விட வேண்டியதாயிற்று. அதில் வருந்த ஒன்றும் இல்லை. ஆனால் காரணம் சொல்லாமல் வரும் தாள் நிற்காது என்பதைக் கண்டேன். ‘இனி இப்படிச் செய்க’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்து விழும், கை பழையபடியே செய்யும். எந்த நிகழ்வில் எது தவறியதால் இது வருகிறது என்று இரண்டு வரி கூட இருந்தால், எதிர்த்துப் பேசியவரே அடுத்த காவலில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார். தாள் எழுதுகிற பொறுப்பில் இருக்கும் எவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அந்த இரண்டு வரியை எழுதுங்கள்.

கடல் சார்ந்த எதுவும் பெயர் உட்பட மாறக்கூடியது என்பதற்கு டீச்சர் சொல்லும் உதாரணம் பி.பி.சி. வானொலியின் கப்பல் வானிலை அறிக்கை. அதில் ஃபினிஸ்டர் என்றிருந்த கடற்பகுதியை 2002 பிப்ரவரியில் ஃபிட்ஸ்ராய் என்று மாற்றினார்கள். பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தைத் தொடங்கிய ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் பெயர். ஸ்பெயினும் ஃபினிஸ்டர் என்ற பெயரில் வேறொரு கடற்பகுதியை வைத்திருந்ததால் வந்த குழப்பம்தான் காரணம். தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த பெயர் போய்விட்டதே என்று அன்றைக்கு நாடே வருந்தியது. “எனக்கும்தான் வருத்தம். ஆனால் ஒரே பெயரில் இரண்டு கடல் இருந்தால், புயல் எந்தக் கடலில்?” என்பார்.

பயிற்சியின் முடிவில் ஒரு மதிப்பீடு நடக்கும். வரைபட வேலை, ரேடியோ நடைமுறை, பதிவேடு, திடீர்ச் சூழல்கள். நிலையத்துக்கும் அப்படி ஒரு தேர்வு உண்டு. நிலையங்களின் தரத்தை ஆய்வு செய்து, தகுதியுள்ளதைத் தேடல் மீட்புப் பணியின் அறிவிக்கப்பட்ட அங்கமாகக் கோஸ்ட்கார்டு ஏற்றுக்கொள்கிறது. அந்த அங்கீகாரம் இருப்பதால்தான் எங்கள் குரலைக் கேட்டதும் மையத்தில் இருப்பவர் ‘யாரோ ஒரு பொதுஜனம்’ என்று எடுத்துக்கொள்ளாமல், பயிற்சி பெற்ற கண் ஒன்று பேசுகிறது என்று எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு நிலையமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதில் தலைமை ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

தாள்கள் மேலிருந்து மட்டும் வருவதில்லை. இந்தக் குன்றின் காலடியில் எங்களுக்கு ஒரு மறைவிடம் இருக்கிறது. ரேஸைத் தவிர்க்க விரும்பும் சின்னப் படகுகளும் கயாக்குகளும் குன்றை ஒட்டிய உள்பக்கப் பாதையில் போகும். உச்சியில் இருக்கும் கூண்டிலிருந்து அந்தப் பாதையின் ஒரு பகுதி தெரியாது. மேற்கே சாப்மன்ஸ் பூல் பக்கமிருந்து உள்ளே நுழைகிறவர்கள் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தப்பி, கிழக்கே வின்ஸ்பிட் பக்கம் திரும்பத் தெரிவார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அனுபவசாலிகள் மனக்கணக்காக வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவருக்கு அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணிக்கையோடும் நேரத்தோடும் எழுதுவது, ஓட்டத்தின் திசையைப் பார்த்து அவர்கள் வெளியே வர வேண்டிய நேரத்தைப் பக்கத்தில் குறிப்பது, எண்ணிக்கை சரியாகும்வரை அந்த வரியை அடிக்காமல் திறந்தே வைத்திருப்பது என்று ஒரு குறிப்பு எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, “நேரம் தாண்டினால் என்ன செய்வது? அதைச் சொல்லவில்லையே” என்றார். இருவரும் உட்கார்ந்து சேர்த்தோம்: நேரம் தாண்டினால் காவலில் இருக்கும் இருவரில் ஒருவர் கூண்டைவிட்டு வெளியே போய்ப் பாதுகாப்பான இடத்திலிருந்து கீழே பார்க்க வேண்டும், மற்றவர் தொலைபேசியருகே இருக்க வேண்டும், அப்போதும் தெரியாவிட்டால் கோஸ்ட்கார்டுக்குச் சொல்ல வேண்டும். ஏன் என்பதற்கு இரண்டு வரி.

நிலையப் பொறுப்பாளர் வரிசையைச் சற்று மாற்றி, காற்று கிழக்கிலிருந்து வீசும்போது நேரத்தைக் கூட்டிக் கணக்கிடும்படி ஒரு வாக்கியம் சேர்த்தார். உள்ளூர்க் குறிப்பு என்ற தலைப்பில் அது கோப்புக்குள் போனது. அதன் ஓரத்தில் முதல் கையெழுத்து டீச்சருடையது.